சாயக்கழிவும் நொய்யலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர், அதைச் சுத்திகரிக்கும் நிலையங்கள், நொய்யல் ஆறு, ஆற்றங்கரைக் கிணறுகள் ஆகியவை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே உள்ளன. கேட்பவர்கள் மூன்று வகை: நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆபரேட்டர்கள், பட்டறை நடத்துபவர்கள், ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் வைத்திருப்பவர்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம்.

சாயத்தண்ணியில அப்படி என்னதாங்க இருக்கு?

பருத்திப் பின்னல் துணிக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். போட்ட சாயத்தில் 60 முதல் 80 சதவீதம்தான் நூலைப் பிடிக்கும். மிச்சம் தண்ணீரோடு வினை புரிந்து வீணாகி வெளியே வரும். அதோடு ப்ளீச்சிங்கில் போட்ட காஸ்டிக், பெராக்சைடு, துணியிலிருந்து கழன்ற மெழுகு, சோப்பு ஆயில், நியூட்ரல் செய்யப் போட்ட அசிட்டிக் ஆசிட், பஞ்சுத் தூசி எல்லாம் சேரும்.

அளவில் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது உப்பு. சமையல் உப்பான சோடியம் குளோரைடோ, கிளாபர் உப்பான சோடியம் சல்பேட்டோ, சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதற்காகவே பாத்தில் (சாயம் போடும் தண்ணீரில்) போடப்படுகிறது. அது துணியில் ஒட்டுவதில்லை. உள்ளே போன கிலோ அப்படியே வெளியே வருகிறது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவைதான்.

நிறம் போயிட்டா தண்ணி சுத்தமாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் திடப்பொருள், பெரும்பாலும் உப்பு, கரைந்திருக்கிறது என்ற அளவு. 7,000 டிடிஎஸ் உள்ள தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் தென்னைக்கு விட்டால் மட்டை கருகும். தமிழ்நாட்டில் நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு டிடிஎஸ் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பி.ஓ.டி. (கரிமக் கழிவைப் பாக்டீரியா சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (அதை ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100 என்பவை மற்ற முக்கிய வரம்புகள்.

1990-களில் கட்டிய நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படிய வைத்தார்கள். நிறம் குறைந்தது. உப்பு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. போட்ட ரசாயனத்தால் டிடிஎஸ் கொஞ்சம் ஏறியது, டன் கணக்கில் ஸ்லட்ஜும் (சேறு போன்ற கசடு) சேர்ந்தது. ஆறு கெட்டதற்கு, சுத்திகரிப்பே செய்யாமல் விட்டது மட்டும் காரணமல்ல. உப்பைத் தொடாத சுத்திகரிப்பும் காரணம்.

ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு வெளிய போகும்?

1:6 விகிதத்தில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினை எடுத்துக்கொள்வோம். 1 கிலோ துணிக்கு 6 லிட்டர் பாத். நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 360 கிராம். சோடா ஆஷ் லிட்டருக்கு 20 கிராம் வீதம் 120 கிராம். ஆக ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ. ப்ளீச்சிங், வாஷ் எல்லாம் சேர்த்து 50 முதல் 60 லிட்டர் தண்ணீர் செலவானால் மொத்தக் கழிவின் டிடிஎஸ் 8,000 முதல் 9,600 வரை வரும். வெளிர் ஷேடு அதிகம் ஓடும் நாளில் இது 5,000-க்கு இறங்கும். கறுப்பும் நேவி ப்ளூவும் ஓடும் நாளில் 10,000-ஐத் தாண்டும்.

பழைய வின்ச் மெஷினில் 1:15 அல்லது 1:20. அதே லிட்டருக்கு 60 கிராம் என்றால் கிலோ துணிக்கு 900 கிராமுக்குக் குறையாத உப்பு. சுத்திகரிப்புச் செலவைக் குறைக்க விரும்புகிறவர் நிலையத்துக்குள் போவதற்கு முன் இந்த விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2011-ல ஏன் எல்லாப் பட்டறையையும் மூடச் சொன்னாங்க?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் நொய்யல் கிராமத்தருகே காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்கு என்று கட்டிய அணையில் சில ஆண்டுகளிலேயே சாயத்தண்ணீர் தேங்கியது. அணையைத் திறந்தாலும் கேடு, மூடினாலும் சுற்றுப்புறக் கிணறுகளுக்குக் கேடு என்ற நிலையில் விவசாயிகளே தண்ணீர் வேண்டாம் என்றார்கள்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது (ஜீரோ டிஸ்சார்ஜ்) என்றது; 2007 ஜூலை 31 வரை கெடு தந்தது; அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபர் 6 அன்று அதை உறுதி செய்து மேலும் 3 மாதம் கொடுத்தது. அப்போதும் நிறைவேறாததால், உயர் நீதிமன்றத்தில் நடந்த அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவு வந்தது. பின்னர் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஜீரோ டிஸ்சார்ஜை நிரூபித்த நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஜீரோ டிஸ்சார்ஜுன்னா தண்ணி எந்த வரிசையில போகுது?

முதலில் சல்லடை, பஞ்சு வடிகட்டி. பிறகு வெவ்வேறு நேரத் தண்ணீரைக் கலந்து சமப்படுத்தும் ஈக்வலைசேஷன் டேங்க், குளிரூட்டும் கோபுரம், பி.எச். சரி செய்தல். அடுத்து காற்றூட்டும் ஏரேஷன் டேங்க், அங்கே பாக்டீரியா கரிமப் பொருளைத் தின்று முடிக்கும்; பிறகு கசடைப் படிய வைக்கும் கிளாரிஃபையர். மிச்ச நிறத்துக்கு ஒரு கட்டம். பிறகு மணல் வடிகட்டி, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், கடினத்தன்மை எடுக்கும் ரெசின். இத்தனையும் ஆர்.ஓ.வுக்குள் (தண்ணீரை அழுத்தி மெம்பரேன் என்ற சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் கட்டம்) அனுப்பத் தகுதியான தண்ணீரைத் தயாரிப்பதற்கான வேலை.

ஆர்.ஓ. மூன்று, நான்கு கட்டங்களாக ஓடும். 85 முதல் 95 சதவீதம் நல்ல தண்ணீராகப் பட்டறைக்குத் திரும்பும். மெம்பரேனைக் கடக்காத மீதிதான் ரிஜெக்ட், அதில் உப்பு செறிந்திருக்கும். அதை எம்.வி.ஆர். எவாப்பரேட்டரிலோ (ஆவியை அழுத்தி மறுபடி பயன்படுத்துவது) மல்டிபிள் எஃபெக்ட் எவாப்பரேட்டரிலோ (பல கலன்களில் அடுத்தடுத்துக் கொதிக்க வைப்பது) கொதிக்க வைத்துச் செறிவாக்கி, பிரைனாகவோ (செறிந்த உப்புக் கரைசல்) படிகமாகவோ உப்பை மீட்கிறார்கள். கடைசியில் படியாமல் நிற்கும் கசடான கரைசலை உலர்த்தினால் வருவது கலப்பு உப்பு. அருள்புரம், வீரபாண்டி, அங்கேரிபாளையம், சின்னக்கரை, காசிபாளையம் எனப் பகுதிவாரியாக இயங்கும் பொது நிலையங்களில் விவரங்கள் மாறும். வரிசை பெரும்பாலும் இதுதான்.

ஈக்வலைசேஷன் டேங்க் எதுக்கு? நேரா ஏரேஷனுக்கு விட்டா என்ன?

பட்டறை மணிக்கு ஒரு மாதிரித் தண்ணீர் விடும். காலையில் பி.எச். 11-ல் ப்ளீச் தண்ணீர், மதியம் 70 டிகிரியில் சோப்பிங் தண்ணீர், இரவில் 50,000 டிடிஎஸ் டை பாத். பாக்டீரியா ஓர் எல்லைக்குள் நிலையாக இருக்கும் எதற்கும் பழகிக்கொள்ளும், ஆனால் மாறிக்கொண்டே இருக்கும் நிலைக்குப் பழகாது. 18 முதல் 24 மணி நேரத் தண்ணீரைத் தாங்கும் டேங்கும், அடியில் காற்றடித்துக் கலக்கும் வசதியும் வேண்டும். கலக்காத டேங்க் வெறும் தொட்டி. அடியில் உப்பு கனமாகவும் மேலே லேசாகவும் அடுக்கடுக்காக நிற்கும்.

ஏரேஷன் டேங்க்ல பாக்டீரியா திடீர்னு செத்துப் போச்சு. என்ன காரணமா இருக்கும்?

முதலில் வெப்பநிலை பாருங்கள். 38 டிகிரியைத் தாண்டினால் தடுமாறும், 40-க்கு மேல் தாங்காது. அடுத்து பெராக்சைடு: ப்ளீச் பாத்தை என்சைம் போட்டுக் கொல்லாமல் அப்படியே விட்டால் அது பாக்டீரியாவையும் ப்ளீச் செய்யும். மூன்றாவது டிடிஎஸ் குதிப்பு. 6,000-ல் வாழும் பாக்டீரியா 9,000-க்கு மெதுவாகப் பழகும். ஒரே நாளில் ஏற்றினால் செல் தண்ணீரை இழந்து சுருங்கிச் செத்து, கிளாரிஃபையர் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். நான்காவது காற்றடிக்கும் ப்ளோயர்: கரைந்த ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் பட்டினி. சாயக்கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. பி.ஓ.டி. 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற விகிதம் வேண்டும். நாளொன்றுக்கு 500 கிலோலிட்டர், பி.ஓ.டி. 350 என்றால் 175 கிலோ பி.ஓ.டி. அதற்குப் பாஸ்பரஸ் 1.75 கிலோ, நைட்ரஜன் 8.75 கிலோ. சுமார் 9 கிலோ டிஏபியும் 16 கிலோ யூரியாவும் இந்தக் கணக்கைத் தீர்க்கும். பிரிண்டிங் கழிவு சேர்ந்தால் அதில் ஏற்கெனவே யூரியா இருக்கும், சோதித்துவிட்டுக் குறையுங்கள்.

ஜாடியில 30 நிமிஷம் வெச்சா 800 காட்டுது. ஸ்லட்ஜ் அதிகமாயிடுச்சா?

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் ஜாடியில் படிந்து நிற்கும் ஸ்லட்ஜின் அளவான 800 மில்லியை 1,000-ஆல் பெருக்கி எம்.எல்.எஸ்.எஸ். அளவால் (ஏரேஷன் டேங்கில் ஒரு லிட்டர் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள், மில்லிகிராமில்) வகுங்கள். எம்.எல்.எஸ்.எஸ். 8,000 என்றால் விடை 100. ஸ்லட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது, அளவுதான் அதிகம், வெளியே எடுங்கள். 4,000 என்றால் விடை 200. ஸ்லட்ஜ் உப்பி மிதக்கிறது. அதற்கு வெளியே எடுப்பது மருந்தல்ல. இழை பாக்டீரியா வளர்ந்திருக்கும். பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவோ மேலே சொன்ன சத்துக் குறைவோதான் காரணம்.

நிறம் எடுக்க ஹைப்போ ஊத்தலாமா?

ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஊற்றுகிறார்கள், நிறமும் போகிறது. ஆனால் ஆர்.ஓ.வில் இருக்கும் பாலிஅமைடு மெம்பரேனுக்கு குளோரின் விஷம். ஒருமுறை சிதைந்தால் எந்தக் க்ளீனிங்கும் மீட்காது. ஆர்.ஓ.வுக்கு முன் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு மிச்சக் குளோரினை முறிக்க வேண்டும். கணக்குப்படி 1 மில்லிகிராம் குளோரினுக்கு 1.34 மில்லிகிராம் போதும், நடைமுறையில் 2 முதல் 3 வைத்துக்கொள்ளுங்கள். கேன் காலியானதை இரவு ஷிஃப்ட் கவனிக்காமல் விட்டால் மெம்பரேன் செட் வீணாகும். ஆகவே ஹை பிரஷர் பம்பை, குளோரின் மிச்சமிருப்பதை உணர்த்தும் ஓ.ஆர்.பி. மீட்டரோடு இணைத்து, எல்லை மீறினால் தானாக நிற்கும்படி வையுங்கள். ஹைப்போவும் கடைசியில் குளோரைடு உப்பாகத்தான் முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆர்.ஓ. மூணு மாசத்துலயே அடைக்குது. மெம்பரேன் மட்டமா?

பெரும்பாலும் மெம்பரேன் மேல் தப்பில்லை, அதற்கு முன்னால் இருப்பவற்றில்தான் தப்பு. எங்கே அடைக்கிறது என்று பாருங்கள். முதல் கட்டத்தின் முதல் மெம்பரேனில் பிசுபிசுப்பும் அழுத்த வேறுபாடும் ஏறினால் கரிமப் பொருள் அல்லது பாக்டீரியாப் படலம். ஏரேஷனையும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷனையும் சரிபாருங்கள். கடைசிக் கட்டத்தின் வால் பகுதியில் கனம் கூடி வெள்ளையாகப் படிந்தால் கால்சியம் அல்லது சிலிகா; கால்சியம் என்றால் ரெசினைப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷனில் கோளாறு.

ஆர்.ஓ. தரும் நல்ல தண்ணீர் 10 சதவீதம் குறைந்தாலோ, அழுத்த வேறுபாடு 15 சதவீதம் கூடினாலோ உடனே க்ளீனிங். 30 சதவீதம் வரை தள்ளிப்போட்டால் பாதிதான் திரும்பும். கரிம அடைப்புக்கு முதலில் காஸ்டிக் கரைசல், பி.எச். 11 முதல் 12, 35 டிகிரிக்கு மேல் போகாமல். ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, ஊற வைத்து, மறுபடி சுற்றவிட்டு அலசுங்கள். அதன் பிறகுதான் ஆசிட், பி.எச். 2. வரிசையை மாற்றி ஆசிட்டை முதலில் விட்டால் சாயமும் எண்ணெய்ப் பசையும் மெம்பரேனிலேயே இறுகிவிடும். சுண்ணாம்புப் படிவு மட்டும்தான் என்று உறுதியானால் ஆசிட்டில் தொடங்கலாம்.

ரிஜெக்டையே மறுபடி மறுபடி ஆர்.ஓ.ல விட்டு மொத்தத்தையும் எடுத்துட முடியாதா?

சோடியம் குளோரைடு 1,000 மில்லிகிராம் ஏற ஏற, அதை எதிர்த்துத் தள்ள சுமார் 0.8 பார் அழுத்தம் கூடுதலாக வேண்டும். 70,000 டிடிஎஸ் என்றால் எதிர்ப்புக்கு மட்டுமே 55 பார் அளவுக்குப் போய்விடும். சாதாரண மெம்பரேன் 41 பார் தாங்கும். கடல்நீர் மெம்பரேன் 70 முதல் 80 பார். அதற்கு மேல் எவாப்பரேட்டர்தான். சோடியம் சல்பேட்டுக்கு அதே எடையில் எதிர்ப்பு ஏறக்குறைய பாதிதான். கிளாபர் உப்பு ஓடும் நிலையங்கள் ஆர்.ஓ.விலேயே கூடுதலாகச் செறிவாக்க முடிவது அதனால்தான்.

எவாப்பரேட்டருக்கு இவ்வளவு கரண்ட், விறகு. வெயில்ல காயவெச்சா ஆகாதா?

நல்ல வெயில் நாளில் திறந்த தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு 4 முதல் 5 லிட்டர் காயும். உப்பு செறியச் செறிய அதுவும் குறையும். நாளைக்கு 50 கிலோலிட்டர் ரிஜெக்ட் என்றால் குறைந்தது 10,000 முதல் 12,500 சதுர மீட்டர், அதாவது இரண்டரை முதல் மூன்று ஏக்கர், மழையே பெய்யாத கணக்கில். ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் ஆண்டு முழுக்கச் சேர்த்த உப்பு ஒரே இரவில் ஓடையில் இறங்கும். தார்ப்பாய் கிழிந்தால் கிணற்றில் இறங்கும். கடைசிக் கசடை உலர்த்த மட்டும், மேற்கூரையோடு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோலிட்டர் தண்ணீரை நேரடியாக ஆவியாக்க 627 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். எம்.வி.ஆர். அந்த ஆவியையே அழுத்திச் சூடாக்கி மறுபடி பயன்படுத்துவதால் 20 முதல் 40 யூனிட்டில் முடிக்கிறது. ஆர்.ஓ.வில் இது 2 முதல் 5 யூனிட்தான். ஆகவே ஆர்.ஓ.வில் எடுக்கத் தவறும் ஒவ்வொரு கிலோலிட்டரும் பத்து மடங்கு விலையில் எவாப்பரேட்டரில் எடுக்கப்படுகிறது.

மீட்ட உப்புத் தண்ணியில சாயம் போட்டா ஷேடு மாறுமே?

மாறும், மூன்று விஷயங்களைச் சரிபார்க்காவிட்டால். ஒன்று கடினத்தன்மை: 50-க்குக் கீழே வையுங்கள், இல்லையென்றால் சாயம் திப்பித் திப்பியாகப் படியும். இரண்டு காரத்தன்மை: பிரைனில் கார்பனேட் மிச்சமிருந்தால் சோடா போடுவதற்கு முன்பே சாயம் பிடிக்கத் தொடங்கும், பட்டை விழும். ஆசிட் விட்டு பி.எச். 6.5 முதல் 7-க்குக் கொண்டுவந்து, எழும் வாயுவை வெளியேற்றி, பிறகு பயன்படுத்துங்கள். மூன்று மிச்ச நிறமும் மிச்சக் குளோரினும். சந்தேகமிருந்தால் முதலில் கறுப்பு, நேவிக்கு ஓட்டுங்கள், வெளிர் ஷேடுக்கு வேண்டாம்.

அடிக்கடி மறந்துபோவது இன்னொன்று: செறிவு. மேலே சொன்ன 1:6 கணக்கில் 1 டன் துணிக்கு 6,000 லிட்டர் பாத், 360 கிலோ உப்பு. ஆனால் ப்ளீச் முடிந்த ஈரத் துணியே 2,500 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மீதி 3,500 லிட்டரில்தான் பிரைனும், சாயம் கரைத்த தண்ணீரும், சோடா கரைத்த தண்ணீரும் அடங்க வேண்டும். லிட்டருக்கு 68 கிராம் உள்ள ரிஜெக்டை நேராகக் கொண்டுவந்தால் 5,300 லிட்டர் வேண்டியிருக்கும், இடமே போதாது. லிட்டருக்கு 120 கிராமாவது இருந்தால்தான் வேலை ஆகும். ஹைட்ரோமீட்டர் காட்டும் அளவை மட்டும் நம்பாதீர்கள். கரைந்திருப்பது உப்பா சோடாவா என்று அதற்குத் தெரியாது. டைட்ரேஷன் செய்யுங்கள்.

கிளாபர் உப்பை மட்டும் தனியா எப்படிப் பிரிக்கறாங்க?

குளிர வைத்து. சோடியம் சல்பேட் 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 50 கிராம் கரையும். 10 டிகிரியில் 9 கிராம்தான். சோடியம் குளோரைடு எந்த வெப்பத்திலும் 36 கிராமை ஒட்டியே நிற்கும். செறிந்த கரைசலைச் சில்லரில் 5 முதல் 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் கிளாபர் படிகம் கீழே இறங்கும், குளோரைடு மேலே நிற்கும். அந்தப் படிகத்தின் எடையில் 56 சதவீதம் தண்ணீர். அதை மறந்து எடைக்கு எடை போட்டால் பாத்தில் உப்பு பாதிதான் இருக்கும்.

கடைசியில மிச்சமாகற கலப்பு உப்பை என்னங்க பண்றது?

இன்னும் நல்ல விடை கிடைக்காத இடம் இது. சல்பேட், குளோரைடு, நிறம், கரிமக் கசடு எல்லாம் கலந்திருப்பதால் பாத்துக்கு உதவாது, தண்ணீரில் கரையும் என்பதால் புதைக்கவும் எளிதல்ல. நிலையங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறார்கள். தரை உயர்த்திய, கூரை போட்ட ஷெட், சுற்றிலும் வடிகால், அந்த வடிகால் ஈக்வலைசேஷன் டேங்குக்கே திரும்ப வேண்டும். கலப்பு உப்பைக் குறைக்க உருப்படியான வழி, ஒரு நிலையத்தில் சேரும் எல்லாப் பட்டறைகளும் ஒரே வகை உப்பைப் பயன்படுத்துவது. ஒருவர் குளோரைடு, ஒருவர் சல்பேட் என்று போட்டால் கலப்பைப் பிரிக்கும் செலவு எல்லோர் தலையிலும் விழும்.

ஸ்லட்ஜை மண்ணோட கலந்து பள்ளத்துல கொட்டலாமா?

கூடாது. அது 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்றவரிடம் படிவம் 10-உடன் அனுப்ப வேண்டும். சிமென்ட் ஆலைகள் சூளையில் சேர்த்து எரிக்க எடுத்துக்கொள்கின்றன. ஃபில்டர் பிரஸ்ஸில் நன்றாகப் பிழிந்து, உலர்த்தி அனுப்பினால் லாரி வாடகையும் குறையும்.

கலெக்ஷன் டேங்க் அடைச்சுக்கிச்சு. ஆள் இறங்கி எடுத்தா சீக்கிரம் முடிஞ்சுடுமே?

இறக்காதீர்கள். கிளாபர் உப்பில் இருக்கும் சல்பேட், காற்றில்லாத சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறுகிறது. சேற்றைக் கிளறியதும் அது ஒரேயடியாகக் கிளம்பும். லேசாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் தாண்டியதும் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அதனால் 'நாத்தம் இல்லை' என்பது பாதுகாப்பின் அடையாளம் அல்ல. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவதுதான் இந்த மரணங்களில் திரும்பத் திரும்ப நடப்பது.

உறிஞ்சு லாரி வைத்து வெளியிலிருந்தே எடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, ப்ளோயரால் காற்றோட்டம் கொடுத்து, மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, ஹைட்ரஜன் சல்பைடு இல்லையா என்று பார்த்து, காற்று மாஸ்க், இடுப்புக் கயிறு, ஆளைத் தூக்கியெடுக்கும் முக்காலி, மேலே ஒரு ஆள் என எல்லாம் இருந்தால் மட்டுமே. ஒரு நாள் உற்பத்தி நின்றால் நிற்கட்டும்.

மழை வெள்ளத்துல கொஞ்சம் ரிஜெக்டைத் திறந்து விட்டா கரைஞ்சுடாதா?

10,000 லிட்டர் டேங்கர் ஒன்றில் 68,000 டிடிஎஸ் ரிஜெக்ட் இருந்தால் உள்ளே 680 கிலோ உப்பு. அது 13 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீரில் 500 டிடிஎஸ்ஸை ஏற்றும். கரைந்தாலும் உப்பு எங்கும் போய்விடவில்லை. ஜம்மனை ஓடையிலிருந்து நொய்யலுக்கும், அங்கிருந்து ஒரத்துப்பாளையத்துக்கும் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. அணையில் தண்ணீர் ஆவியாகும்போது மறுபடி செறிந்து நிலத்தடிக்கு இறங்கும். பட்டறையில் எவாப்பரேட்டர் செய்ய வேண்டிய வேலை, அடுத்தவர் நிலத்தில் நடக்கிறது. இது குற்றமும்கூட, 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மின்சாரத்தைத் துண்டித்து மூடலாம்.

எல்லாம் ஜீரோ டிஸ்சார்ஜுன்னா நொய்யல் ஏன் இன்னும் நுரை தள்ளுது?

நுரைக்குக் காரணம் சோப்பும் டிடர்ஜென்டும். கோவையிலும் திருப்பூரிலும் சுத்திகரிக்காத சாக்கடை ஆற்றில் கலக்கிறது. தடுப்பணையில் விழும்போது நுரைக்கிறது. எல்லா நுரையையும் சாயம் என்பதும் தவறு, எல்லாவற்றையும் சாக்கடை என்று தள்ளிவிடுவதும் தவறு. மின்கடத்துதிறன் மீட்டரை முக்கிப் பாருங்கள். நுரை இருந்தும் 2,000 மைக்ரோசீமென்ஸ் அளவில் நின்றால் பெரும்பாலும் சாக்கடை. 6,000-க்கு மேல் காட்டினால் சாயக்கழிவு எங்கோ இறங்குகிறது. ஓடையில் மேலே நடந்து நடந்து அளந்தால் எண் சட்டென்று குறையும் இடம் வரும். அந்த இடத்துக்கும் அதற்கு முன் அளந்த இடத்துக்கும் நடுவில்தான் கசிவு.

எங்க கிணறு எப்பங்க நல்லாகும்?

சாயத்தை மண்ணும் பாக்டீரியாவும் காலப்போக்கில் ஓரளவு சிதைக்கும். உப்பை எதுவும் சிதைக்காது. நல்ல தண்ணீர் வந்து தள்ளினால்தான் நகரும். இந்தப் பகுதி பாறை நிலம், ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர். பெய்வதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கினாலே நல்லது. மேலாக உள்ள திறந்த கிணறு நான்கைந்து நல்ல மழைக்காலத்தில் தெளியலாம். ஆழ்துளைக் கிணற்றில் பாறை இடுக்கில் புகுந்த உப்பு அதைவிடப் பல மடங்கு காலம் நிற்கும்.

அதே உப்புத் தண்ணீரை இறைத்துப் பாய்ச்சினால் தண்ணீரை வெயில் எடுத்துக்கொள்ளும், உப்பு மண்ணில் தங்கி அடுத்த மழையில் மறுபடி கிணற்றுக்கே இறங்கும். பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைக் கிணற்றருகே இறக்குவது பலன் தரும். ஆற்றின் முதல் வெள்ளத்தை மட்டும் தேக்காதீர்கள், படுகையில் படிந்த கசடையெல்லாம் அதுதான் அள்ளி வரும். இரண்டாவது, மூன்றாவது வெள்ளத்தைப் பிடியுங்கள்.

உப்பேறிப் போன நிலத்துக்கு ஜிப்சம் போட்டா போதுமா?

முதலில் மண் பரிசோதனை. மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு மேல், பி.எச். 8.5-க்குக் கீழ் என்றால் வெறும் உவர். நல்ல தண்ணீரால் கழுவினால் போதும், ஜிப்சம் தேவையில்லை. சோடியம் விகிதம் 15 சதவீதத்துக்கு மேல், பி.எச். 8.5-க்கு மேல் என்றால் களர். மழை பெய்தால் சேறாகி, காய்ந்தால் கல்லாகும். அங்கேதான் ஜிப்சம். 100 கிராம் மண்ணில் 1 மில்லிஈக்விவலன்ட் சோடியத்தை மாற்ற, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, எக்டேருக்கு சுமார் 1.9 டன், ஏக்கருக்கு முக்கால் டன்னுக்குச் சற்று அதிகம்.

ஜிப்சம் சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்கும், வெளியேற்றாது. வெளியேற்ற வடிகாலும் நல்ல தண்ணீரும் வேண்டும். ஒரு அடி ஆழ மண்ணைக் கழுவ அரை அடித் தண்ணீர் பாதி உப்பையும், ஒரு அடித் தண்ணீர் 80 சதவீதத்தையும் கொண்டுபோகும். ஆகவே வரப்பு உயர்த்தி, மழைக்கு முன் ஜிப்சம் தூவி, மழைநீரைத் தேக்கி வடியுங்கள். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுங்கள். கிணற்றில் இன்னும் உப்புத் தண்ணீர்தான் என்றால் இந்தச் செலவை இந்த ஆண்டு செய்யாதீர்கள்.

ஒரு நிலையம் நெசமாவே ஒழுங்கா ஓடுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

தண்ணீர்க் கணக்கை எளிதில் சரிக்கட்டலாம். உப்புக் கணக்கை அப்படிச் சரிக்கட்டுவது கடினம். நாளைக்கு 500 கிலோலிட்டர், 7,000 டிடிஎஸ் என்றால் உள்ளே வருவது 3,500 கிலோ உப்பு. ஆர்.ஓ.வில் 450 கிலோலிட்டர் 250 டிடிஎஸ்ஸில் திரும்பினால் அதில் 112 கிலோ. மீதி 50 கிலோலிட்டர் ரிஜெக்டில் 3,388 கிலோ இருக்க வேண்டும், அதாவது லிட்டருக்குச் சுமார் 68 கிராம். ரிஜெக்டில் 40 கிராம்தான் இருக்கிறது என்றால் ஒன்று ஃப்ளோ மீட்டர் பொய், அல்லது ரிஜெக்டில் ஒரு பகுதி வேறெங்கோ போகிறது.

ரிஜெக்டின் டிடிஎஸ்ஸைக் கைமீட்டரில் பார்க்காதீர்கள். செறிந்த கரைசலில் அது தப்பாகக் காட்டும். அளந்த தண்ணீரை 180 டிகிரியில் முழுக்க உலர்த்தி எடை போடுங்கள். பிறகு மாதக் கணக்கு: பட்டறைகள் வாங்கிய புது உப்பு, சோடா, காஸ்டிக் எல்லாம் ஒரு பக்கம், ஸ்டாக்கில் கூடிய பிரைன், படிகம், கலப்பு உப்பு, திரும்பிய தண்ணீரில் உள்ள உப்பு மறு பக்கம். 10 முதல் 15 சதவீத வித்தியாசம் அளவுப் பிழையில் வரும். அதற்கு மேல் போனால் முதலில் எவாப்பரேட்டர் கண்டன்சேட்டின் (ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர்) டிடிஎஸ், அடுத்து டேங்க் கசிவு, அடுத்து பைபாஸ் வால்வு என்ற வரிசையில் தேடுங்கள். பிரைனைத் திரும்பப் பயன்படுத்துவதாகச் சொல்லும் பட்டறை மாதாமாதம் பழைய அளவிலேயே புது உப்பு வாங்கினால், கேட்க வேண்டிய முதல் ஆவணம் அந்த உப்புக் கடை பில்தான்.